எஞ்சிய உணவும் ஏங்கிய வயிறும்



மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்னும் அறவோனின் வரலாறு வருகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் அவன் கையில் இருந்தது. மதுரை மாநகரில் பசித்து வந்தோர்க்கெல்லாம் அவன் அமுது படைத்தான். பின்னர்ப் பாண்டி நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகிற்று. அவனிடம் உணவு கேட்டு வருவார் இல்லாது போயினர். கடல் கடந்த சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கேள்வியுற்று அவன் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவிலே கப்பல் தங்கிற்று. ஆபுத்திரன் கரையில் இறங்கினான். அவன் திரும்ப ஏறிவிட்டான் என்று எண்ணிய கப்பலோட்டிகள் இரவோடு இரவாகச் சென்றுவிட்டனர்.

ஆளற்ற தீவு. கையிலோ எண்ணற்ற உயிர்களை ஊட்டவல்ல பாத்திரம். ஏற்பதற்கு ஒருவரும் இல்லை. பலர் பசி தீர்க்க வந்த பாத்திரத்தைத் தன் ஒருவன் பசிக்குப் பயன்படுத்த அவன் உள்ளம் ஒப்பவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான்.

இவ்வரலாற்றில் ஒரு பேருண்மை பொதிந்து கிடக்கின்றது. உணவு இருத்தல் என்பது ஒன்று. அவ்வுணவு பசித்தவன் இலைக்கு வந்து சேர்தல் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே ஒரு கப்பல் வேண்டும். அக்கப்பல் தவறினால், அமுதசுரபியே கையில் இருந்தாலும் அங்கே ஒருவர் பசியும் தீர்வதில்லை.

இன்றைய உலகின் நிலையும் இதுவேயாகும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. மக்களுக்குக் கிடைத்த உணவில் இஃது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் பாதிக்கு மேற்பட்டது வீட்டு அடுக்களையில் வீணானது. அதே உலகில் 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியால் வாடினர் என்பதும் ஐக்கிய நாடுகள் அவையின் கணக்கே. ஒருபால் மலையெனக் குவிந்த எச்சம். மறுபால் ஒட்டிய வயிறு. இடையே கப்பல் இல்லை. அந்தக் கப்பலைக் கட்டிய ஒரு மனிதரின் வரலாறும், அது பின்னர் உலகெங்கும் ஓடிய வரலாறும் ஈண்டுச் சிந்தித்தற்குரியன.

ஒரு தாய் சொன்ன வழி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கில் அரிசோனா மாநிலம் உள்ளது. அதன் தலைநகரம் பீனிக்ஸ். 1960-களில் அந்நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பார் வாழ்ந்து வந்தார். 1923-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். பல தொழில்கள் பார்த்தவர், மணவாழ்வு முறிந்தவர், உடல் நலிவுற்று, அது தேறும்பொருட்டு அரிசோனாவுக்கு வந்தவர். கிறித்தவ நெறியில் ஆழ்ந்த பற்றுடைய அவர், ஏழைகளுக்கு இலவசமாக உணவளிக்கும் ஒரு சாலையில் தொண்டு புரிந்து வந்தார்.

அரிசோனா பாலை நிலமேயாயினும், நீர் பாய்ந்த இடங்களில் ஆரஞ்சு, எலுமிச்சை முதலிய மரங்கள் நன்கு காய்ப்பன. வீட்டுத் தோட்டங்களிலும் பழத்தோப்புகளிலும் பழங்கள் பறிப்பாரின்றி உதிர்ந்து கிடப்பதை அவர் கண்டார். உரியவர்களிடம் இசைவு பெற்றுப் பறித்து, ஒரு பழைய பால் வண்டியில் ஏற்றி, உணவுச்சாலைக்குக் கொணர்ந்தார். அச்சாலை உண்டதுபோக எஞ்சியதைப் பிற தொண்டு நிலையங்களுக்குக் கொண்டு சென்றார்.

இந்நிலையில் அவர் ஓர் ஏழைத் தாயைச் சந்தித்தார். கணவர் சிறையில் இருந்தார், குழந்தைகளோ பலர். அவர்களுக்கு எவ்வாறு உணவளிக்கின்றீர் என்று வினவியபோது, அந்தத் தாய் ஒளிவுமறைவின்றி விடையளித்தார். பேரங்காடியின் பின்புறம் உள்ள குப்பைத் தொட்டிகளில் நல்ல உணவு எவ்வளவோ கிடக்கின்றது என்றும், அதனை எடுத்தே தம் மக்களை வளர்ப்பதாகவும் கூறினார். பணத்தைப் போட்டு வைக்கவும் எடுத்துக் கொள்ளவும் வங்கி இருப்பதுபோல, வீணாகும் உணவைப் போட்டு வைக்கவும் தேவைப்படுவோர் எடுத்துக் கொள்ளவும் ஓர் இடம் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் சொன்ன கருத்தே.

வான் ஹெங்கல் அந்த அங்காடிக்கே சென்று பார்த்தார். தொட்டியில் கிடந்தவை அழுகியவை அல்ல. உறையவைத்த உணவுகள், கட்டிலிருந்து கழன்ற காய்கள், முந்தின நாள் ரொட்டிகள் ஆகிய உண்ணத்தக்க பொருள்களே அங்குக் கிடந்தன. விற்பனைக்கு ஆகாதது என்பதற்கும் உண்பதற்கு ஆகாதது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று அவர் உணர்ந்தார். அங்காடி மேலாளரிடம் சென்று, இவற்றைத் தொட்டியில் போடாமல் தம்மிடம் தருமாறு வேண்டினார்.

பீனிக்ஸ் நகரின் புனித மரியாள் தேவாலயத்தார் அவருக்கு 3,000 டாலர் பணமும், பயன்பாடின்றிக் கிடந்த ரொட்டி அடுமனைக் கட்டடம் ஒன்றும் அளித்தனர். 1967-ஆம் ஆண்டு அங்கே புனித மரியாள் உணவு வங்கி தோன்றியது. உலகின் முதல் உணவு வங்கி எனப் போற்றப்பெறுவது அதுவே. முதல் ஆண்டிலேயே நூறு டன்னுக்கு மேற்பட்ட உணவு அவ்வழியே ஏழையரைச் சென்றடைந்தது. வான் ஹெங்கலோ பிறர் உடுத்துக் கழித்த உடையை உடுத்தி, எளிய அறை ஒன்றில் வாழ்ந்து, நெடுங்காலம் ஊதியம் பெறாமலேயே உழைத்தார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. உணவு வங்கி என்னும் எண்ணம் அறிஞர் அவையிலோ அமைச்சர் அறையிலோ பிறக்கவில்லை. குப்பைத் தொட்டியருகே நின்ற ஒரு தாயின் உள்ளத்தில் பிறந்தது. பசியின் வழியறிந்தவரே பசி தீர்க்கும் வழியையும் காட்டினார். கேட்கும் செவி ஒருவருக்கு இருந்தது. அதனால் அச்சொல் செயலாயிற்று.

வங்கியின் நடைமுறை

உணவு வங்கி என்பது சோறு சமைத்துப் பரிமாறும் இடம் அன்று. அது ஒரு பெரும் பண்டகசாலை. உணவு மிகுந்த இடங்களிலிருந்து அது பெற்றுக் கொள்கின்றது. உணவளிக்கும் தொண்டு நிலையங்களுக்கு அது பகிர்ந்தளிக்கின்றது.

உணவு ஏன் மிகுகின்றது என்று சிலர் ஐயுறலாம். காரணங்கள் பல. உறையின்மேல் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டால் உள்ளிருக்கும் பண்டம் நன்றாயினும் கடைக்குச் செல்லாது. பண்டிகைப் படம் பொறித்த பெட்டி, பண்டிகை கழிந்ததும் விலை போகாது. கோணலாக விளைந்த காரட்டும் வடுப்பட்ட ஆப்பிளும் சந்தையில் கழிக்கப்பெறும். குறிக்கப்பெற்ற நாள் நெருங்கிய பண்டங்களைக் கடைக்காரர் அடுக்கிலிருந்து அகற்றிவிடுவர். இந்நாளைக்குள் உண்பது சிறப்பு என்னும் குறிப்பு வேறு. இந்நாளுக்குப் பின் உண்ணலாகாது என்னும் குறிப்பு வேறு. முன்னது சுவையைப் பற்றியது. பின்னது உடல்நலத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதாலும் நல்லுணவு குப்பைக்குப் போகின்றது.

இவ்வாறு மிகுந்தவற்றை லாரிகள் சென்று ஏற்றி வருகின்றன. பண்டகசாலையில் தொண்டர்கள் ஒவ்வொன்றையும் பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். உடைந்தவையும் கெட்டவையும் நீக்கப்பெறுகின்றன. பாலும் இறைச்சியும் காயும் குளிர் அறைக்குச் செல்கின்றன. எடை போட்டு, கணக்கில் ஏற்றி, அநாதை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் இலவச உணவுச்சாலைகளுக்கும் அனுப்புகின்றனர். இல்லாதவர் வந்து பெற்றுச் செல்லும் சிறு வழங்கிடங்களும் உண்டு. அவற்றுட் பல, கடைபோலவே அடுக்கி வைத்து, வருவோர் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக் கொள்ளுமாறு அமைந்துள்ளன. கொடுத்ததைப் பெற்றுக்கொள் என்பதற்கும், வேண்டியதை எடுத்துக்கொள்க என்பதற்கும் இடையே எத்துணை வேறுபாடு! முன்னதில் வயிறு மட்டும் நிறையும். பின்னதில் மானமும் காக்கப்பெறும்.

பீனிக்ஸில் தோன்றிய இவ்வழக்கம் 1970-களில் பல நகரங்களுக்குப் பரவிற்று. 1979-ஆம் ஆண்டு 'இரண்டாம் அறுவடை' என்னும் பொருள்படும் 'செகண்ட் ஹார்வெஸ்ட்' என்ற பெயரில் ஒரு தேசியக் கூட்டமைப்பு உருவாயிற்று. பொருத்தமான பெயர். வயலின் ஓரங்களை முற்ற அறுக்காமலும், உதிர்ந்த கதிர்களைத் திரும்பப் பொறுக்காமலும் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவிட வேண்டும் என்று விவிலியத்தின் பழைய ஏற்பாடு கட்டளையிடுகின்றது. முதல் அறுவடை உடையவனுக்கு; இரண்டாம் அறுவடை இல்லாதவனுக்கு. அக்கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டு முதல் 'ஃபீடிங் அமெரிக்கா' என்னும் பெயருடன் விளங்குகின்றது. ஏறத்தாழ 200 உணவு வங்கிகள் அதில் இணைந்துள்ளன. 1984-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உணவு வங்கி தோன்றியது. 1986-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பும், 2006-இல் உலகளாவிய உணவு வங்கிகளின் வலையமைப்பும் ஏற்பட்டன. 2005-ஆம் ஆண்டு வான் ஹெங்கல் மறைந்தபோது, ஒரு பழைய பால் வண்டியில் தொடங்கிய தொண்டு கண்டங்கள் கடந்திருந்தது.

கொல்லன் தெருவில் ஊசி

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் அறம் நிறைவேறிவிடும் என்று கருதுதல் தவறு. பகிர்தலுக்கும் ஓர் அறிவு வேண்டும். இதனை அமெரிக்க உணவு வங்கிகள் பட்டறிந்தே கற்றன.

தொடக்கத்தில், நாடு முழுவதிலிருந்தும் வரும் உணவைத் தலைமை நிலையமே வரிசைப்படி ஒவ்வொரு வங்கிக்கும் ஒதுக்கி வந்தது. நடுநிலையான முறை என்றே தோன்றும். ஆயினும் நடந்தது யாது? ஐடஹோ என்பது உருளைக்கிழங்கு விளைச்சலுக்குப் பேர்போன மாநிலம். அங்குள்ள வங்கிக்கும் உருளைக்கிழங்கே ஒதுக்கப்படுமாயின், அது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதானே! ஓரிடத்தில் ஒரே பண்டம் குவிந்தது. மற்றோரிடத்தில் அதே பண்டத்துக்கு மக்கள் ஏங்கினர். எவ்வூரில் எது குறைவு என்பது தொலைவில் அமர்ந்து பங்கிடுவோர்க்குத் தெரியவில்லை.

2005-ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்களின் துணையுடன் புதுமுறை ஒன்று வகுக்கப்பெற்றது. உணவு வங்கிகளுக்குள் மட்டும் செல்லும் ஒருவகை நாணயம் அமைக்கப்பெற்றது. அதற்குப் 'பங்கு' என்று பெயர். எந்த வட்டாரத்தில் ஏழையர் மிகுதியோ அந்த வட்டாரத்து வங்கிக்குப் பங்குகளும் மிகுதி. அப்பங்குகளைக் கொண்டு, வந்திருக்கும் உணவில் தமக்கு வேண்டியதை வங்கிகள் ஏலத்தில் கேட்டுப் பெறலாம். செலவான பங்குகள் அன்றிரவே மீண்டும் எல்லா வங்கிகளுக்கும் தேவைக்கேற்பப் பகிரப்பெறும். ஆதலால் எவரும் நிரந்தரமாக வறியர் ஆவதில்லை.

ஏலம் என்றால் வலியவனே வெல்வான் அன்றோ என்று உணவு வங்கி நடத்துவோர் சிலர் தொடக்கத்தில் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான் சிறிய வங்கிகள் கடன் பெறவும், கூட்டாகச் சேர்ந்து கேட்கவும் வழி செய்யப்பெற்றது. நெடுநாள் கெடாத கடலை வெண்ணெய்க்கும் தானிய உணவுக்கும் பங்கு மிகுதியாகக் கேட்கப்பெற்றது. விரைவில் வாடும் காய்கனிகள் மிகக் குறைந்த பங்குக்கே கிடைத்தன. எவரும் விரும்பாத பண்டத்தை ஏற்றுக் கொள்வோர்க்குப் பங்குகள் வெகுமதியாகவே அளிக்கப்பெற்றன. இதனால் ஒவ்வொரு வங்கியும் தன் மக்களுக்கு எது இல்லையோ அதனைத் தேடிப் பெற முடிந்தது. இதன் உட்பொருள் ஒன்றே: பெறுவோருக்கும் தேவை இன்னதென அறியும் அறிவு உண்டு, அவரைக் கேட்டுக் கொடுப்பதே கொடை.

அச்சம் நீக்கிய சட்டங்கள்

உணவைத் தருதற்கு மனமிருந்தும் பலர் தயங்கினர். தாம் கொடுத்த உணவை உண்டு ஒருவருக்குத் தீங்கு நேரின் வழக்குத் தொடர்வரே என்னும் அச்சமே காரணம். இவ்வச்சத்தைப் போக்க, 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பில் எமர்சன் என்னும் மக்களவை உறுப்பினரின் நினைவாக ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. நல்லெண்ணத்துடன், உண்ணத்தக்க உணவைத் தொண்டு நிலையத்துக்கு வழங்குவோரை அச்சட்டம் காக்கின்றது. வேண்டுமென்றே தீங்கு செய்தவருக்கும், பெரும் பொறுப்பின்மையுடன் நடந்தவருக்கும் அக்காவல் இல்லை.

பிரான்சு நாடு ஒரு படி மேலே சென்றது. அங்கே பேரங்காடிகள் சில, கழித்த உணவை எவரும் எடுத்து உண்ணாதபடி அதன்மேல் வெளுப்பு மருந்தை ஊற்றி வந்தன. உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே கெடுத்தலை 2016-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டம் தடை செய்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அங்காடிகள், மிகுதியை வழங்குதற்குத் தொண்டு நிறுவனங்களுடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும் விதித்தது. தானும் உண்ணாமல் பிறரையும் உண்ணவிடாத செயலுக்கு ஓர் அரசு முற்றுப்புள்ளி வைத்தது.

சோதனைக் காலம்

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்று உலகை முடக்கியது. ஏப்ரல் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், உணவு வங்கி வழங்கிய உணவைப் பெற ஒரே நாளில் ஏறத்தாழ 10,000 குடும்பத்தினர் வந்தனர். திடலெங்கும் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. நேற்றுவரை வேலை பார்த்தவர்கள் அவர்கள். கார் இருந்தது, கையில் காசு இல்லை.

அதே வாரங்களில் அதே நாட்டில், உணவகங்களும் பள்ளிகளும் மூடப்பட்டமையால் பாலை வாங்குவாரின்றிப் பண்ணையாளர்கள் தரையில் கொட்டினர். முற்றிய காய்களை வயலிலேயே உழுது மண்ணில் புதைத்தனர். கொட்டியவரும் கண்ணீருடனேயே கொட்டியிருப்பர். நாட்டில் உணவு இல்லாமலில்லை, பசித்தவரும் இல்லாமலில்லை. கப்பல்தான் இல்லை. ஆபுத்திரன் நின்ற மணிபல்லவத் தீவு அந்த ஆண்டில் அமெரிக்க வயல்களிலே தோன்றிற்று. அத்தகைய நாளிலும் தங்கள் லாரிகளையும் பண்டகசாலைகளையும் கொண்டு இயன்றவரை அவ்விடைவெளியை அடைத்தவை உணவு வங்கிகளே.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. உணவு வங்கி வறுமைக்கு மருந்தாகாது. உழைத்தவனுக்கு உரிய கூலி, முதியோருக்குப் பாதுகாப்பு, இல்லாதவருக்கு அரசின் துணை ஆகிய இவையே வறுமையைத் தீர்ப்பன. வங்கியில் உணவு கிடைக்கின்றதே என்று இவற்றைக் கைவிடின், அறத்தின் பெயரால் அறமின்மை வளரும். மேலும், தமக்கு வேண்டாத கழிவைத் தள்ளிவிட்டுக் கொடையாளர் எனப் பெயர் வாங்கும் இடமாக அது மாறுதலும் ஆகாது. தம் இல்லத்தில் தம் மக்களுக்கு இட மனம் வராத எதனையும் பிறர் மக்களுக்கு இடலாகாது.

தமிழ் மண்ணில்

1867-ஆம் ஆண்டு வடலூரில் வள்ளற்பெருமான் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. பசி தீர்த்தல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. புதிதாக வந்திருப்பது வீணாக்குதல். திருமண மண்டபங்களில் பத்துவகைப் பதார்த்தங்கள் பரிமாறப்பெற்று, பாதியும் இலையோடு மூடப்பெறுகின்றன. பாத்திரத்தில் எஞ்சியதோ நள்ளிரவில் கொட்டப்பெறுகின்றது. மண்டபத்து மதிலுக்கு அப்பால் நடைபாதையில் ஒருவர் வெறும் வயிற்றுடன் உறங்குகின்றார். மதிலின் அகலம் ஒன்றரை அடிதான்; ஆயினும் கப்பல் வேண்டியிருக்கின்றது.

2014-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் இளைஞர்கள் 'நோ ஃபுட் வேஸ்ட்' என்னும் அமைப்பைத் தொடங்கி, விழாக்களில் எஞ்சும் உணவைப் பெற்றுப் பசித்தோர்க்கு வழங்கும் பணியை மேற்கொண்டனர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், எஞ்சிய உணவை மீட்டுப் பகிர்தற்குரிய நெறிமுறைகளை 2019-ஆம் ஆண்டு வெளியிட்டது.

சமைத்த உணவுக்கும் பெட்டியில் அடைத்த உணவுக்கும் வேறுபாடு உண்டு. வெப்பம் மிகுந்த நாட்டில் சோறும் குழம்பும் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஆதலால் விழா நடத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. விருந்தினர் தொகையை ஓரளவு துல்லியமாக அறிந்து சமைக்கச் சொல்லுதல் முதற்கடமை. எஞ்சியபின் யாரை அழைப்பது என்று தேடாமல், விழாவுக்கு முன்பே உணவு பகிரும் அமைப்பினரிடம் சொல்லி வைத்தல் வேண்டும். பந்தி முடிந்தவுடனேயே, கை படாத உணவை மட்டும் தூய பாத்திரத்தில் சூடாக மூடி அளித்தல் வேண்டும். இலையில் எஞ்சியது கொடைக்கு ஆகாது. அது எஞ்சாமல் பார்த்துக் கொள்வதே உண்பவர் செய்யத்தக்க கொடை. ஐயமுற்ற உணவை வழங்காது விடுதலும் அறமே.

அன்பர்களே! அமுதசுரபி எல்லார் கைக்கும் கிடைக்கவில்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் இனி எவர்க்கும் வாய்ப்பது அரிது. ஆனால், கப்பலோட்டுதல் எல்லார்க்கும் இயலும். குப்பைத் தொட்டியருகே நின்ற ஒரு தாய் வழி சொன்னார். பழைய பால் வண்டி வைத்திருந்த ஒரு மனிதர் அதனைச் செய்தார். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு மூடிய பாத்திரம், ஒரு மிதிவண்டிப் பயணம் ஆகிய இவையும் கப்பல்களே. அடுத்த விழாவில் அடுப்பு அணையுமுன், எஞ்சியது எங்கே செல்லும் என்று ஒருவர் கேட்பாராக. அக்கேள்வி எழுந்த இடத்தில், மணிபல்லவக் கரையில் நின்ற கப்பல் ஆபுத்திரனை ஏற்றிக்கொண்டே புறப்படும்.

பசிப்பிணி நீங்குக! பகிர்ந்துண்ணும் பண்பு ஓங்குக!